மெக்கானிக்கல் படிப்பிலிருந்தே உயிர்மருத்துவப் பொறியியலுக்குள் செல்ல முடியுமா?

தண்டையார்பேட்டை மாணவன் | திங்கள், இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். நான் மெக்கானிக்கல் பிரிவில் நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். அடுத்த செமஸ்டரிலிருந்து விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், சில மாதங்களாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியைச் சற்று விரிவாகவே எழுதிக் கேட்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் பிட்டராக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவுப் பணி முடித்து எண்ணூர் விரைவுச் சாலையில் வரும்போது, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளத்தில் வண்டி இறங்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தது. எஃகுத் தகடு வைத்துத் திருகாணிகளால் பொருத்தினார்கள். ஏழாவது மாதம், எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் படியில் இறங்கும்போது காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்லி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரேயில் தகடு குறுக்காக இரண்டாகியிருந்தது. மறுபடியும் அறுவைச் சிகிச்சை நடந்தது. வெளியே எடுத்த துண்டுகளை நான் கேட்டதால், மருத்துவர் சுத்தம் செய்து ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். திருகாணித் துளையின் விளிம்பில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வளைந்த மெல்லிய வரிகள் முறிந்த முகத்தில் இருந்தன. காசிமேட்டுக் கரையில் அலை பின்வாங்கிய பிறகு ஈர மணலில் நிற்கும் கோடுகளைப் போலவே அவை தெரிந்தன. மறு ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் கற்கண்டை உடைத்ததுபோல் கரடுமுரடாக இருந்தது. பிறகு வகுப்பில், ஓரலகு பரப்பில் விழும் விசையான தகைவு ஓரிடத்தில் குவிவதைப் பற்றிய தகைவுச் செறிவுப் பாடம் வந்தது. துளையிட்ட ஒரு தகட்டின் படத்தை ஆசிரியர் பலகையில் வரைந்து, துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்றார். அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இந்தத் துறையில்தான் வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். மெக்கானிக்கல் படிப்பில் இருந்தபடியே இதைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ள முடியுமா, அல்லது முதலிலேயே பயோமெடிக்கல் எடுக்காததால் வழி அடைபட்டுவிட்டதா? எந்தப் பாடங்களில் ஊன்றிப் படிக்க வேண்டும்? வேலை எங்கே இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற விரிவுரையாளர் | திங்கள், இரவு 10.40

தம்பி, வழி அடைபடவில்லை. நீங்கள் படிக்கும் பாடநூலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பொருளின் விறைப்பைக் குறிக்க யங் குணகம் என்று தினமும் எழுதுகிறீர்களே, அந்தத் தாமஸ் யங் தொழிலால் மருத்துவர். குழாயில் பாய்மம் ஓடும் வீதம் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று பாய்ம இயக்கவியலில் படிக்கும் விதியைத் தந்த புவாஸேயும் மருத்துவரே. நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நிகழ்கிறது என்ற கேள்வியே அவரைக் கண்ணாடிக் குழாய்ச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தது. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதயத் தமனி சுருங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு வரியிலிருந்தே மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

ஆகவே உடலைப் பற்றிய கேள்விகள் மெக்கானிக்கலுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை என்று எண்ண வேண்டாம். ஆனால் வேலை வாய்ப்பு வேறு கேள்வி. அதை அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வதே முறை.


மருத்துவமனைக் கருவிப் பொறியாளர் | செவ்வாய், காலை 7.05

நான் பயோமெடிக்கல் பட்டம் பெற்று, பதினொரு ஆண்டுகளாக மருத்துவமனைகளில் கருவிப் பராமரிப்பில் இருக்கிறேன். தம்பியின் ஆர்வத்தைக் குலைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. உயிர்மருத்துவப் பொறியியல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன.

முதலாவது என்னுடையது. மருத்துவமனையில் வெண்டிலேட்டர், மானிட்டர், டயாலிசிஸ் இயந்திரம், இன்ஃபியூஷன் பம்ப், ஸ்கேன் கருவிகள் ஆகியவற்றை அளவு சரிபார்த்து ஓட வைப்பது. இதில் பெரும்பகுதி மின்னணுவியலும் அளவீட்டியலும்தான். பணியிட அறிவிப்புகளில் பயோமெடிக்கல் அல்லது மின்னணுவியல் சார்ந்த பட்டத்தையே பெரும்பாலும் கேட்கிறார்கள். மெக்கானிக்கல் பட்டத்துடன் விண்ணப்பித்த நல்ல திறமைசாலிகள் முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கல் என்று தனித் தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். மின்சுற்று, சிக்னல், அனலாக், டிஜிட்டல், உணரிகள், மருத்துவப் படிமவியல் என்றே பெரும்பகுதி போகும். உடலில் செயல்படும் விசைகளையும் அசைவுகளையும் பற்றிய உயிர் இயக்கவியலும், உடலுக்குள் வைக்கும் பொருள்களைப் பற்றிய உயிர்ப்பொருளியலும் இறுதியில் இரண்டு பிரிவுகளாக வரும். மெக்கானிக்கல் மாணவர் அந்தத் தாளை எழுதுவது, அடுத்த ஊர்த் தேரை இழுக்கப் போவது போன்றது.

இரண்டாவது, உடலுக்குள் வைக்கும் பொருள்களையும் உடலுக்கு வெளியே தாங்கும் பொருள்களையும் வடிவமைத்துச் சோதித்து உற்பத்தி செய்வது. தகடு, மூட்டு, வால்வு, ஸ்டென்ட், செயற்கைக் கால், சக்கர நாற்காலி எல்லாம் இதில் அடங்கும். இங்கே மெக்கானிக்கல் ஆட்கள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தம்பி எழுதியிருப்பதைப் படித்தால் அவருக்குப் பிடித்திருப்பது இந்த இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் பட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. மருத்துவமனை வேலை என்று நினைத்து இதற்குள் வந்து, பிறகு ஏமாற்றமடையக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன்.


பெரம்பூர் வடிவமைப்பாளர் | செவ்வாய், இரவு 8.30

நான் மெக்கானிக்கல் படித்து, எலும்பு மூட்டு உள்வைப்புகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் சங்கு ஒலியைக் கேட்டே பள்ளிக்குக் கிளம்பியவள். எங்கள் தெருவில் மெக்கானிக்கல் என்றால் ரயில் பெட்டி, அல்லது எண்ணூரில் லாரி, அல்லது திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பார்கள். மூட்டு செய்யப் போகிறேன் என்றபோது வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

தம்பி, உங்கள் கையில் இருக்கும் அந்தத் துண்டு, இந்தத் துறையின் முதல் பாடம். நீங்கள் பார்த்த வரிகள் உலோகச் சோர்வின் அடையாளம். வகுப்பில் ஃபெட்டீக் என்று சொல்வார்கள். விரிசல் துளையின் விளிம்பில் பிறந்து, ஒவ்வொரு அடி வைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னேறியிருக்கிறது. அப்பாவின் நடை கூடியும் குறைந்தும் மாறிய இடங்களில் அந்த வரிகள் விழுந்திருக்கின்றன. கரடுமுரடான பகுதிதான், மீதமிருந்த உலோகம் தாங்காமல் ஒரே நொடியில் விட்டுப்போன இடம். படியில் கேட்ட சத்தம் அதுதான்.

நாங்கள் கணக்கிடும்போது, ஓரளவு நடமாட்டமுள்ள ஒருவருடைய ஒவ்வொரு காலும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை சுமை ஏறி இறங்குவதாக எடுத்துக்கொள்கிறோம். தட்டையான தரையில் சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை விசை விழும். தசைகள் இழுப்பதால் வரும் விசை இது. எலும்பு முறிவுத் தகட்டை நிரந்தரமாகச் சுமை தாங்குவதற்காக யாரும் வடிவமைப்பதில்லை. எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடித்து, கூடிய பிறகு சுமையை எலும்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எலும்பு சேர்வதற்கும் உலோகம் சோர்வதற்கும் நடுவே ஓர் ஓட்டப்பந்தயம் என்றே எலும்பு மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். எலும்பு சேரத் தாமதமானால் எந்தத் தகடும் ஒரு நாள் முறியும்.

பாடங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பொருள்களின் வலிமையியல், இயந்திர உறுப்பு வடிவமைப்பு, பொருளறிவியல், உராய்வும் தேய்மானமும் பற்றிய டிரைபாலஜி, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தகைவைக் கணக்கிடும் முடிவுறு கூறு பகுப்பாய்வு ஆகிய ஐந்தையும் நீங்கள் தேர்வுக்காகப் படிக்காமல் வேலைக்காகப் படிக்க வேண்டும். இவற்றில் டிரைபாலஜியைப் பலர் எளிதாகக் கைவிட்டுவிடுகிறார்கள். செயற்கை இடுப்பு மூட்டின் வரலாறே தேய்மானத்தின் வரலாறு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், உராய்வு குறைவு என்பதற்காக முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். உராய்வு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. நோயாளிகளுக்கு மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. 1962இல் அவர் மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனுக்கு மாறினார். பந்தின் விட்டத்தையும் சுமார் 22 மில்லிமீட்டராகச் சிறிதாக வைத்தார். விட்டம் சிறிதானால் உராய்வுத் திருப்புவிசை குறையும். ஒவ்வொரு அடிக்கும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் தூரமும் குறையும். இரண்டாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய கணக்குதான். உராய்வும் தேய்மானமும் வெவ்வேறு என்பதை நான் டெஃப்லான் கதையைப் படித்த பிறகுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

உடற்கூறியலையும் உடலியங்கியலையும் நீங்களாகவே கற்க வேண்டும். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் உயிர் இயக்கவியல், உயிர்ப்பொருளியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதிகள் கூடுதல் கிரெடிட் எடுத்து, துணைச் சிறப்புப் பாடமாக மைனர் பட்டம் பெற அனுமதித்தால் அதையும் விசாரியுங்கள்.


காசிமேடு லேத் | புதன், காலை 6.20

ஐயாமார்களுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். எனக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை. மீன்பிடி விசைப்படகுகளுக்குச் சுழல்தண்டு கடைவது, தண்டைச் சுற்றித் தாங்கும் வளையமான புஷ் மாற்றுவது, புரொப்பல்லர் சரிசெய்வது என்று முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். இந்த இழையைப் படித்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன.

ஒன்று, தகடு முறிகிறது என்றால் அதை இரண்டு மடங்கு தடிமனாகச் செய்துவிட்டால் என்ன? எங்கள் தொழிலில் தண்டு முறிந்தால் அடுத்த முறை ஒரு சுற்றுப் பெரியதாகப் போடுவோம்.

இரண்டு, உடம்புக்குள் உப்பு நீர் இருக்கிறதே, அது எஃகை அரிக்காதா? ஸ்டெயின்லெஸ் தண்டு வெளியே பளபளவென்று இருக்கும். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த இடுக்கில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் குழி குழியாக அரித்திருக்கும். முறிவு பெரும்பாலும் அந்தக் குழியிலிருந்துதான் ஆரம்பிக்கும். தம்பியின் தகட்டில் திருகாணித் தலை உட்கார்ந்த இடத்தை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.


பெரம்பூர் வடிவமைப்பாளர் | புதன், இரவு 9.10

ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒரு முறையாவது பேசப்படும் கேள்விகள்.

தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவுத் தகைவு நான்கில் ஒரு பங்காகும்; உலோகத்தின் பார்வையில் அது நல்லது. ஆனால் வளைவு விறைப்பு எட்டு மடங்காகிவிடும். எலும்பு உயிருள்ள பொருள். சுமை வந்தால்தான் அது வலுவாக இருக்கும்; சுமையை முழுவதும் தகடே வாங்கிக்கொண்டால் எலும்பு மெலிந்துவிடும். இதை 1892இலேயே ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் விதியாக எழுதினார். எஃகின் யங் குணகம் ஏறக்குறைய 190 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவையுடையது சுமார் 110, கெட்டியான எலும்புடையது 20க்குள். ஆகவே தகடு முன்பே எலும்பைவிடப் பலமடங்கு விறைப்பானது.

மறுபக்கம், தகடு மிகவும் நெகிழ்ந்தாலும் எலும்பு கூடாது. ஸ்டீஃபன் பெரன் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளரின் கோட்பாடு இங்கே உதவுகிறது. முறிவு இடைவெளியில் திரிபு, அதாவது இடைவெளியின் நீளத்தில் எத்தனை பங்கு அசைகிறது என்பது, சுமார் 2 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் எலும்புத் திசு நேரடியாக உருவாகும்; 10 விழுக்காடு வரை குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு உருவாகிப் பிறகு எலும்பாக மாறலாம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 2 விழுக்காடு என்றால் 0.02 மில்லிமீட்டர் அசைவு. உங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டரில் இரண்டு கோடு. விறைப்பும் நெகிழ்வும் எங்கே சந்திக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே எங்கள் வேலையின் பெரும்பகுதி.

அரிமானம் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. கடல்நீரில் உப்பு சுமார் மூன்றரை விழுக்காடு. உடல் திரவத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. உப்பு குறைவென்றாலும் இடுக்கு அரிமானம் அதே முறையில்தான் நடக்கிறது. திருகாணித் தலைக்கும் தகட்டுத் துளைக்கும் நடுவே உயிர்வளி குறைந்த இடுக்கு இருக்கிறது. அதோடு ஒவ்வொரு அடியிலும் இரண்டும் நுண்ணிய அளவில் உரசிக்கொள்வதால், எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கிழிந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் உள்வைப்புக்குக் கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மேல் போகாத, கசடு மிகக் குறைந்த 316 எல் வகை ஸ்டெயின்லெஸ் எஃகைப் பயன்படுத்துகிறோம். கடைச் சரக்கு 304 இதற்கு ஆகாது.

தம்பி, முப்பது ஆண்டுகள் தண்டு கடைந்தவருக்குத் தெரிந்திருப்பதைப் பாருங்கள். முடிந்தால் அவருடைய பட்டறைக்குப் போய் வாருங்கள்.


இராயபுரம் இயன்முறை மருத்துவர் | வியாழன், பிற்பகல் 2.45

நோயாளிகளின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். பொறியாளர்கள் வடிவமைத்த பொருளை நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு என்ன ஆகிறது என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

எங்கள் பகுதி வீடுகளை நினைத்துப் பாருங்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் நான்காம் மாடி, லிப்ட் கிடையாது. படியின் அகலத்தில் இரண்டு பேர் ஒதுங்கித்தான் போக வேண்டும். கழிப்பறை பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. சாப்பாடு தரையில் சம்மணமிட்டு. தெருவில் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும். வாக்கர் ஒன்றை எழுதிக் கொடுத்தால், கழிப்பறைக் கதவுக்குள் நுழையாமல் வெளியே நிற்கிறது. மீன் விற்கப் போகும் பாட்டி ஒருவர், மூட்டு மாற்றிய பிறகு என்னிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை, “தரையில உட்கார்ந்து கூடையைத் தூக்க முடியுமா?” என்றுதான். அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

வெளிநாட்டு அட்டவணையில் உள்ள சுமைகளை மட்டும் போட்டு வடிவமைத்தால் இந்த வாழ்க்கை அதற்குள் வராது. நம் நாட்டில் இதைப் புரிந்துகொண்டு செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் உருவாக்கிய இரப்பர்ப் பாதம், செருப்பில்லாமல் நடக்கவும் குந்தி உட்காரவும் வயலில் இறங்கவும் ஏற்றதாக இருந்ததால்தான் இலட்சக்கணக்கானவர்களுக்குப் பொருந்தியது. ஒரு மருத்துவரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து செய்தது என்பதைக் கவனியுங்கள்.

அச்சகங்களிலும் பிரஸ் பட்டறைகளிலும் விரல் நசுங்கி வருகிறவர்கள் வடசென்னையில் எப்போதும் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடு முழுவதும் அறியப்பட்டது. கை அறுவைக்குப் பிறகு விரலை அசைக்கப் பயன்படும் தாங்குகட்டான ஸ்பிளிண்டில் ரப்பர் பேண்டின் இழுவிசை எவ்வளவு இருக்க வேண்டும், எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும் என்பது முழுக்க முழுக்க மெக்கானிக்கல் கேள்வி. மாணவர்கள் இப்படிப்பட்ட சிறிய பொருள்களிலிருந்து தொடங்கினால் எங்களுக்கு உடனே பயன்படும்.


தண்டையார்பேட்டை மாணவன் | வியாழன், இரவு 11.20

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. காசிமேடு ஐயா சொன்னபடி திருகாணித் தலை உட்கார்ந்த இடத்தைப் பார்த்தேன். துளையைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையமும், அதற்குள் சிறிய குழிகளும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். அப்பா மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன்பே ஊன்றுகோலை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அக்காவின் திருமணச் செலவு இருந்தது. தகடு உடைந்தது அவருடைய தவறுதான் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம், அவரும் அப்படியே நினைக்கிறார். அது உண்மையா?


பெரம்பூர் வடிவமைப்பாளர் | வெள்ளி, காலை 6.50

தம்பி, முன்கூட்டியே முழு எடையை ஊன்றியது தகட்டின் ஆயுளைக் குறைத்திருக்கும். அதை மறைக்க முடியாது. ஆனால் ஏழு மாதத்துக்குப் பிறகும் எலும்பு சேராமல் இருந்திருக்கிறது என்பதும் உண்மை. முறிவு எந்த வகை, இரத்த ஓட்டம் எப்படி இருந்தது, சர்க்கரை நோய் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, முறிவுக்கு எவ்வளவு அருகில் திருகாணிகள் போடப்பட்டன என்று பல காரணங்கள் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கும். ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு யார் தவறு என்று நான் சொன்னால் அது பொறியியலாக இருக்காது. சம்பளம் நின்றால் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மனிதர் எப்படி நடப்பார் என்பதையும் சுமைக் கணக்கில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.


ஓய்வுபெற்ற விரிவுரையாளர் | வெள்ளி, மாலை 5.30

மேற்படிப்பைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி. சென்னையில் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. நிற்கவும் உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019இலும், ‘கடம்’ என்ற செயற்கை முழங்கால் 2022இலும் அங்கிருந்து வந்தவை. கடம் பல அச்சுகள் கொண்ட முழங்கால். அதன் இதயம் நீங்கள் இயந்திர இயக்கவியலில் படிக்கும் நான்கு இணைப்புச் சட்டகம். உடனடிச் சுழற்சி மையம், அதாவது அந்தந்த நொடியில் கால் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அது, கால் மடங்க மடங்க இடம் மாறுகிறது. நிற்கும்போது உறுதியாகவும் நடக்கும்போது எளிதில் மடங்குவதாகவும் இருப்பதற்கு அதுவே காரணம். அந்தப் பாடத்தைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடாதீர்கள்.

ஐ.ஐ.டி. சென்னை, வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரத்தின் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமான ஸ்ரீசித்ரா ஆகிய மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் தகுதிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் தேர்வில் மெக்கானிக்கல் தாளையே எழுதுங்கள். கருவிப் பொறியாளர் மேலே சொன்ன காரணம் சரியானது.

ஸ்ரீசித்ராவின் இதய வால்வை எல்லா மெக்கானிக்கல் மாணவர்களும் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவும் செய்த முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. ஒவ்வொரு முறையும் காரணம் பொருளின் முறிவோ தேய்மானமோதான். நான்காவது மாதிரியில், கோபால்ட் குரோமியக் கலவைக் கூட்டுக்குள் பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறந்து மூடும். 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் முறை வால்வு திறந்து மூட வேண்டும். பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 38 கோடி. ஒரு முறைகூடத் தவறக் கூடாது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் பியோர்க் ஷைலி வால்வின் ஒரு வகையில், வட்டைத் தாங்கும் மெல்லிய கம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்ததால் உயிர்கள் போயின. 1986இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பற்றவைப்புப் பாடத்தை யாரும் சிறிதாக நினைக்க வேண்டாம்.


மருத்துவமனைக் கருவிப் பொறியாளர் | வெள்ளி, இரவு 9.00

வேலை இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. உற்பத்தி நிறுவனங்களில் புதிதாகச் சேரும் மெக்கானிக்கல் பட்டதாரிக்கு முதலில் கிடைப்பது வடிவமைப்பு வேலையாக இருக்காது. தர உறுதி, சோதனை, ஆவணம் ஆகியவைதான். அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் உண்டு. இதய வால்வு, ஆபத்து மிகுந்த டி வகுப்பு. ஐஎஸ்ஓ 13485 தர நிர்வாகத்தையும் ஐஎஸ்ஓ 14971 இடர் நிர்வாகத்தையும் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போகிற மாணவரை எவரும் கவனிப்பார்கள். ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. மதுரையில் கண்வில்லை செய்யும் ஆரோலேப் 1992 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே வாய்ப்புகளைத் தேடுங்கள்.


தண்டையார்பேட்டை மாணவன் | மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். டிரைபாலஜியையும் முடிவுறு கூறு பகுப்பாய்வையும் விருப்பப் பாடமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என்பிடெல்லில் உயிர் இயக்கவியல் சேர்ந்திருக்கிறேன்.

சிறு திட்டப்பணிக்காக, துளையிட்ட 316 எல் பட்டைகளைத் திரும்பத் திரும்ப வளைக்கும் ஒரு சோதனை அமைப்பைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். மோட்டாரில், மையம் விலகிச் சுழலும் ஒரு எக்சென்ட்ரிக் வட்டு வைத்து வினாடிக்கு ஐந்து முறை வளைத்தால், ஒரு நாளில் 4,32,000 சுற்று வரும். அப்பா ஊன்றுகோல் இல்லாமல் நடந்தது நான்கு மாதம். வடிவமைப்பாளர் அக்காவின் கணக்குப்படி அது மூன்றரை லட்சத்துக்குள்தான். இயந்திரம் அதை ஒரு நாளுக்குள் நடந்துவிடும். ஒரு பட்டையில் வெறும் துளை, இன்னொன்றில் உப்பு நீரில் நனைந்த திருகாணி பொருத்திய துளை என்று ஒப்பிட நினைக்கிறேன்.

வடிவமைப்பாளர் அக்கா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, எக்சென்ட்ரிக் இருக்கும் தண்டுக்கு ஒரு பக்கம் மட்டும் பேரிங் வைத்திருப்பது தவறு, இரண்டு பக்கமும் தாங்க வேண்டும் என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார்.

காசிமேடு ஐயா, இணைப்புக் கோலின் புஷ் வெண்கலத்தில் போடலாமா, நைலான் போதுமா? வரும் சனிக்கிழமை மாலை பட்டறை திறந்திருக்குமா?


காசிமேடு லேத் | ஞாயிறு, இரவு 9.25

வெண்கலமே போடுங்கள் தம்பி. எண்ணெய் விட ஒரு சிறு துளை வைத்துவிடுவோம். சனிக்கிழமை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். அப்பாவையும் அழைத்து வாருங்கள். பட்டறை தரைத்தளம்தான், வாசலில் படி கிடையாது.